குளிர் உறக்கத்தில் பெண் பாம்பு மெலிகிறது, யாராவது சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே. அம்மாவின் சத்திரசிகிச்சைக்காக இரண்டு கிழமையாகத் திருகோணமலையில், உவர்மலை வீட்டில் நிற்கிறேன். ரொறன்ரோ வீட்டு பேஸ்மென்டில் என் கோர்ன் ஸ்நேக் (நஞ்சில்லாத வளர்ப்புப் பாம்பு) சோடி குளிர் உறக்கத்தில், அதாவது குளிரில் இரையின்றி அடங்கிக் கிடக்கிறது. வசந்தத்தில் இணை சேர்க்க எண்ணம், அதற்காகத்தான் இந்த உறக்கம். இரண்டு கிழமை இரை நிறுத்தி, வயிறு காலியான பிறகுதான் 12 பாகைக்கு இறக்கினேன். தண்ணீர் எப்போதும் இருக்கும்.

இப்போது மச்சான்தான் பார்க்கிறான். நேற்று தராசில் வைத்து வீடியோ அனுப்பினான். ஆண் சரி. பெண் ஆறு கிழமையில் 410 கிராமிலிருந்து 375க்கு வந்துவிட்டது, கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு. விலாப் பக்கம் தோல் சுருக்கம் விழுந்து, தண்ணீர்க் கிண்ணத்தைச் சுற்றியே கிடக்கிறது. வாயில் நுரை இல்லை, மூச்சிலும் சத்தம் இல்லை. பாவம் பார்த்து ஒரு எலிக்குஞ்சு கொடுக்கவா என்று கேட்டான். ஐயோ வேண்டாம், இந்தக் குளிரில் செரிக்காமல் வயிற்றுக்குள்ளேயே அழுகிவிடும் என்றேன்.

இப்போதே மெல்லச் சூடாக்கி எழுப்பவா, இல்லை ஈரப்பதத்தைக் கூட்டிச் சில நாள் பார்க்கவா? எழுப்புவதென்றால் நாளுக்கு எத்தனை பாகை கூட்டலாம்? இந்த முறை முட்டை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அவள் பிழைக்க வேண்டும். அனுபவப்பட்டவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.