மறியிழை, லிப்பிடுப்பொதி: இரண்டு சொற்கள்

அண்ணாச்சி, வணக்கம்.

பாடக்குறிப்புக்காக ‘ஆன்டிசென்ஸ்’ மருந்துக்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோமே, அதற்கு நீங்கள் சொன்ன ‘எதிருணர்வு மருந்து’ எனக்கு ஒத்துவரவில்லை. ஆன்டிசென்ஸ் என்பதில் உள்ள சென்ஸுக்கும் உணர்ச்சிக்கும் தொடர்பில்லை. தூது ஆர்.என்.ஏ.வில் புரதத்துக்கான செய்தி இருக்கும் வரிசை சென்ஸ். அதோடு எழுத்துக்கு எழுத்து இணைசேரும் வரிசை ஆன்டிசென்ஸ். எதிருணர்வு என்று எழுதினால், பாளையங்கோட்டையில் தமிழ்வழியில் படிக்கிற பிள்ளைகள் நரம்புக்கான மருந்து என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அக்கா சொன்ன ‘எதிர்ப்பொருள்’ இன்னும் சிக்கல். பள்ளிப் பாடநூலில் ஆன்டிபாடிக்கு அதுதான் பெயர். வைரஸ் பாடத்தில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வருமே, பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

அந்த மருந்து என்ன வேலை செய்கிறது என்பதிலிருந்து சொல்லைத் தேடுவோம். 1978இல் ஜமெக்னிக், ஸ்டீஃபன்சன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் கோழிக்கருச் செல்களில், கோழிக்குப் புற்று உண்டாக்கும் ரௌஸ் சர்கோமா வைரஸை வளர்த்து, அதன் ஆர்.என்.ஏ.வில் போய் ஒட்டக்கூடிய 13 எழுத்து டி.என்.ஏ. துண்டு ஒன்றைச் சேர்த்தார்கள். வைரஸ் பெருகுவது குறைந்தது. அந்தத் துண்டு வைரஸைக் கொல்லவில்லை. அதன் செய்தியை வழியில் மறித்தது. ‘மறி’ நம் ஊரில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டாத சொல். வண்டிமறிச்சி அம்மன் கோயில் இல்லாத பக்கமா இது? ஆகவே ‘மறியிழை’ என்று முன்மொழிகிறேன். மறிப்பு என்பதோடு இழையைச் சேர்த்து ‘மறிப்பிழை’ என்று மட்டும் எழுத வேண்டாம், பிழை என்று கண்ணில் படும். இரட்டை இழையாக உள்ளே போகும் குறு ஆர்.என்.ஏ.வின் வேலைக்கு ‘ஆர்.என்.ஏ. குறுக்கீடு’ என்ற வழக்கு ஏற்கெனவே இருக்கிறது. மறியிழையை ஒற்றை இழைக்கு மட்டும் வைத்துக்கொள்வோம்.

இனி மறியிழையைச் செல்லுக்குள் சுமந்து போகும் லிப்பிடு, அதாவது செல்சவ்வு ஆகியிருக்கும் நீரில் கரையாத பொருள்வகை. இங்கேதான் எனக்கு ஆதங்கம் அதிகம், ஏனென்றால் இந்த மருந்துகளின் கஷ்டமே இதில்தான் இருக்கிறது. மறியிழையின் முதுகெலும்பு முழுக்க எதிர்மின் தன்மை கொண்டது. செல்லின் மேற்பரப்பும் எதிர்மின்தான். சும்மா விட்டால் உள்ளே போவது மிகக் குறைவு, இரத்தத்தில் உள்ள நொதிகளும் அதை அறுத்துவிடும். சந்தை அனுமதி பெற்ற முதல் மறியிழை ஃபோமிவிர்சென், 1998இல். எய்ட்ஸ் நோயாளிகளின் விழித்திரையைத் தாக்கும் சைட்டோமெகலோ வைரஸுக்கானது. அதில் லிப்பிடு உறை எதுவும் கிடையாது, நேராகக் கண்ணுக்குள் ஊசி போட்டார்கள். கண்ணில் அது நடக்கும், கல்லீரலுக்கோ நுரையீரலுக்கோ அப்படி முடியாது. அதற்கு ஒரு வழிதான் லிப்பிடு.

நீங்கள் ‘கொழுப்புப் பை’ என்றீர்கள். லைப்போசோமுக்குப் பை பொருந்தும். ஓலைக்கொட்டானுக்குள் கருப்பட்டி இருப்பதுபோல, ஈரடுக்கு லிப்பிடுச் சுவருக்குள் நீரும் மருந்தும் இருக்கும். ஆனால் 1987இல் ஃபெல்க்னர் குழுவினர் காட்டிய நேர்மின் லிப்பிடுகளை டி.என்.ஏ.வோடு கலந்தால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துத் திரண்டுவிடுகின்றன. அது பை அல்ல. கொரோனா தடுப்பூசியில் வந்த லிப்பிடு நானோ துகளும் வெறும் பை அல்ல. எல்லாவற்றுக்கும் பொதுவாக ‘பொதி’ நிற்கும். வினையாகவும் புழங்கும்: பொதித்தல், பொதிவு, உள்ளே அடங்கிய மருந்தின் விகிதத்துக்குப் பொதிவளவு. ‘பை’யிலிருந்து இத்தனை சொல் பிறக்காது. முன்னொட்டாகக் கொழுப்பு வேண்டாம். செல்சவ்வின் பாஸ்போலிப்பிடை நாம் அன்றாடம் சொல்லும் கொழுப்போடு ஒன்றாக்க முடியாது. பாடநூல் ‘லிப்பிடு’ என்றே சொல்கிறது, பிள்ளைகளுக்கும் பழகிவிட்டது. லிப்பிடுப்பொதி என்றே இருக்கட்டும். 1930களில் நெல்லையில் இருந்துகொண்டு சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தார் கலைச்சொல் தொகுத்த ஊர் இது. கடன்சொல்லை அனுமதிப்பதில் உங்களுக்கு வருத்தம் இருக்கும் என்று தெரியும். இந்த ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுங்கள்.

ஒரு சொல் இன்னும் அகப்படவில்லை. செல் பொதியை விழுங்கியதும் அது எண்டோசோம் என்ற, செல்லுக்குள் இருக்கும் சிறு சவ்வுப் பைக்குள் மாட்டிக்கொள்கிறது. அங்கே அமிலம் கூடக்கூட லிப்பிடு நேர்மின் ஏற்று, சவ்வைக் குலைத்து, மருந்தை வெளியே விட வேண்டும். பெரும்பகுதி வெளியே வராமலே அழிந்துபோகிறது. இந்த வெளியேற்றத்துக்குத் ‘தப்பல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார், எனக்கு ‘நழுவல்’ தேவலை என்று படுகிறது. அக்காவிடமும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். மற்ற இரண்டையும் இந்தப் பருவத்துப் பாடக்குறிப்பில் சேர்த்துவிடுகிறேன்.