அர்த்தம் தெரியுது, ஆனால் வாயில் வரமாட்டேங்குது! ஆங்கிலச் சொற்களை எப்படித்தான் பழகுவது?

பாயான்லெப்பாஸ்_கிளி:
வணக்கம். நான் தமிழ்ப்பள்ளியில் படித்து, அப்புறம் மலாய் இடைநிலைப்பள்ளிக்குப் போனவள். இப்போது பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை. கைப்பேசியில் ஒரு ஆப் வைத்துக்கொண்டு தினம் 20 சொல் மனப்பாடம் செய்கிறேன், மூன்று மாதமாச்சு, ஆனால் மீட்டிங்கில் வாயைத் திறந்தால் அதில் ஒன்றுகூட வருவதில்லை. போன வாரம் 'ரிசீட்' என்பதை, எழுத்தில் பி (p) இருக்கிறதே என்று 'ரிசிப்ட்' என்று சொல்லித் தொலைத்தேன். ஒருத்தர் "என்ன, சமையல் ரெசிப்பியா?" என்றார். எல்லாரும் சிரிப்பு. இத்தனைக்கும் பெட்ரோல் நிலையத்தில் மலாயில் 'ரெசிட்' என்று பி இல்லாமல்தான் தினமும் பார்க்கிறேன். சொற்களை எப்படிப் படித்தால் நிற்கும்?

டியூஷன்_அக்கா (பட்டர்வொர்த்):
தங்கச்சி, முதலில் அந்த 20 சொல்லை நிறுத்துங்கள். உங்களுக்குச் சொல் பஞ்சம் இல்லை, தெரிந்த சொற்களே அரைகுறையாக இருக்கின்றன, அதைச் சரிபண்ணினாலே பாதி வேலை முடிந்தது.

அந்த பி விஷயத்தில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கடனுக்கு ஆங்கிலத்தில் 'டெட்' (debt) என்கிறோமே, அதில் ஒரு பி (b) எழுதிவிட்டு வாயில் விழுங்குகிறார்கள். பிரெஞ்சிலிருந்து வந்தபோது அந்த எழுத்தே கிடையாது. லத்தீன் 'டெபிட்டும்' (debitum) ஞாபகத்தில் படித்தவர்கள் பின்னால் சொருகியது. ரிசீட்டின் பி-யும் (p) அப்படி வந்ததுதான். சிரித்தவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், அடுத்த முறை சிரிக்கமாட்டார்கள்.

நம் ஆட்களுக்குப் பெரிய சிக்கல் அழுத்தம். 'டெ-வ-லப்' என்று மூன்றையும் ஒரே எடையில், பயறு எண்ணுகிற மாதிரி சொல்கிறோம். அவர்கள் நடுவில் மட்டும் அழுத்துவார்கள்: டி-வெ-லப். 'ஃபோட்டோகிராஃப்' என்றால் அழுத்தம் முதலில், படம் எடுப்பவரைச் சொல்லும்போது இரண்டாவதுக்குத் தாவி 'ஃப-டா-க்ர-ஃபர்' ஆகிவிடும். அகராதியில் சொல்லுக்குப் பக்கத்தில் ஒலிக்குறிப்பு இருக்கும் பாருங்கள், அதில் மேலே ஒரு சின்ன நிமிர்ந்த கோடு எந்த அசைக்கு முன்னால் நிற்கிறதோ அங்கே அழுத்த வேண்டும். அந்தக் கோட்டை மட்டும் பார்க்கப் பழகுங்கள், மற்ற குறிகளெல்லாம் மெதுவாகப் புரியும்.

அப்புறம் நோட்டில் 'டிஸ்கஸ் என்றால் கலந்து பேசு' என்று எழுதாதீர்கள். அப்படி எழுதினால் கூடவே ஒரு 'அபௌட்' ஒட்டிக்கொள்ளும், ஏனென்றால் தமிழில் 'பற்றி', மலாயில் 'தெந்தாங்', இரண்டும் சேர்ந்து தள்ளும். 'டிஸ்கஸ் தி பட்ஜெட்' என்று பக்கத்துச் சொல்லோடு எழுதுங்கள். சில இடத்தில் தமிழ்தான் கைகொடுக்கும்: மலாயில் வாங்குவதும் கொடுப்பதும் 'பிஞ்சாம்' என்பதால் இங்கே பலரும் 'பாரோ மீ யுவர் பென்' என்கிறார்கள். நமக்கு இரவல் வாங்கு, இரவல் கொடு என்று தனித்தனியாக இருக்கிறதே! வாங்கினால் பாரோ, கொடுத்தால் லெண்ட்.

செந்தூல்காரன்:
அக்கா சொன்னது சரி, ஆனால் நோட்டுப் புத்தகம் எனக்கு ஒத்துவரவில்லை. வாங்கின நோட்டு இன்னும் புதுசாக இருக்கிறது. நான் எல்ஆர்டி ரயிலில் போகும்போது பிஎஃப்எம் 89.9 ஆங்கில வானொலி கேட்பேன், ஒரு வாக்கியம் பிடித்தால் அதை வாய்க்குள்ளேயே அதே ராகத்தில் மூன்று தடவை சொல்வேன், அவ்வளவுதான். ஒரே ஒரு எச்சரிக்கை: வெள்ளைக்காரருக்கு மின்னஞ்சலில் 'ஐ வில் ரிவர்ட்' என்று எழுதாதீர்கள். நானும் பல வருடம் எழுதினேன். பதில் சொல்கிறேன் என்ற அர்த்தம் மலேசியா, இந்தியா மாதிரி நாடுகளில்தான் ஓடும், அவர்களுக்கு அது பழைய நிலைக்குத் திரும்புவது.

கோப்பி_ஓ:
எந்தச் சொல்லிலிருந்து தொடங்குவது என்று தெரியாதவர்கள் ஆக்ஸ்ஃபர்டு 3000 என்ற முக்கியச் சொற்களின் பட்டியலைத் தேடுங்கள், இலவசம்தான். ஏ1 (தொடக்கநிலை) முதல் பி2 (நடுநிலைக்குச் சற்று மேல்) வரை நிலை போட்டிருக்கும். ஆப்பில் வருகிற வாயில் நுழையாத சொற்களை மீட்டிங்கில் யாரும் பேசுவதில்லை லா.

பாயான்லெப்பாஸ்_கிளி:
ரொம்ப நன்றி அக்கா, அண்ணே. இன்று கம்பெனி பஸ்ஸில் 'டி-வெ-லப், டி-வெ-லப்' என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தேன், பக்கத்து சீட்டு ஆன்ட்டி தள்ளி உட்கார்ந்துவிட்டார். இன்னும் ஒன்று, நாளைக்கே வேண்டும்: ஷெட்யூலா, ஸ்கெட்யூலா?

டியூஷன்_அக்கா (பட்டர்வொர்த்):
இரண்டும் சரி. ஷெ பிரிட்டிஷ், ஸ்கெ அமெரிக்கன். உங்கள் மேனேஜர் எதைச் சொல்கிறாரோ அதையே சொல்லுங்கள், ஒரே மீட்டிங்கில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.