மைனரின் ஸ்பீடோ முள் துள்ளுகிறது: கேபிளை மாற்றுவதா, திருத்துவதா?

கொக்குவில் மைனர்:

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவின் மொறிஸ் மைனர் 1000 இப்போது என் கையில் இருக்கிறது. 1962ம் ஆண்டு வண்டி. யுத்தத்தில் பாதை மூடிக்கிடந்த காலத்தில், பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஓடியது. காபரேற்றருக்குள் ரெண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு அப்பா ஸ்ரார்ட் பண்ணுவது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அந்த நேரம் வேகம் காட்டுகிற ஸ்பீடோ முள்ளை யார் பார்த்தது?

இப்போது பிரச்சினை இதுதான். பருத்தித்துறை வீதியில் முப்பது மைல் வேகத்தில் போனால் முள் இருபதுக்கும் நாற்பதுக்கும் இடையில் துள்ளியது. டாஷ்போர்ட்டுக்குப் பின்னால் சில்வண்டு கத்துகிற மாதிரி ஒரு சத்தமும் இருந்தது. போன மாதம் ஒரு கராஜில் காட்டினேன். கியர்பொக்ஸிலிருந்து வந்து ஸ்பீடோவைச் சுற்றுகிற கேபிளின் மேல் முனையைக் கழற்றி, குப்பியால் கியர் ஒயில் விட்டுப் பூட்டித் தந்தார்கள். சத்தம் நின்றுவிட்டது. ஆனால் ஒரு கிழமைக்குள் முள் முப்பதில் போகும்போது ஐம்பதைக் காட்டத் தொடங்கியது. இப்போது பழையபடி துள்ளலும் வந்துவிட்டது. மைல் எண்ணி மட்டும் ஒழுங்காக ஓடுகிறது.

தை மாதம் தங்கச்சியின் கலியாணம். பொம்பிளை இந்தக் காரில்தான் போக வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார். அதற்கு முன் சரிப்படுத்த வேண்டும். யாராவது வழி சொல்லுங்கள்.

வடமராட்சியான்:

என்னுடைய வண்டியிலும் இதே கதைதான். மோட்டார் சைக்கிள் கேபிளின் உள் வயரை அளவுக்கு வெட்டிப் போட்டோம். கொஞ்ச நாள் ஓடியது. மலிவு, கடையில் உடனே கிடைக்கும்.

சுன்னாகம் பழைய கராஜ்:

தம்பி, கேபிள் வாங்க ஓட வேண்டாம். முதலில் எண்ணெய் எங்கே போனது என்று பாருங்கள். ஸ்பீடோ மணிக்கூட்டுக்குள், தலை என்று நாங்கள் சொல்வது, ஒரு காந்தம் கேபிளோடு சேர்ந்து சுற்றும். அதைச் சுற்றி அலுமினியக் கிண்ணம் ஒன்று, காந்தத்தில் முட்டாமல் நிற்கும். முள் அந்தக் கிண்ணத்தில் இருக்கிறது. காந்தம் சுற்றும்போது கிண்ணத்தில் மின்சுழல் உண்டாகி அதை இழுக்கும், மயிர் போன்ற ஸ்பிரிங் ஒன்று திருப்பி இழுக்கும். இரண்டுக்கும் நடுவில் முள் நிற்கிற இடம்தான் வேகம். அந்த இடைவெளிக்குள் எண்ணெய் புகுந்தால் காந்தம் கிண்ணத்தைப் பசை மாதிரிப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். அதனால்தான் ஐம்பது காட்டுகிறது. மைல் எண்ணி பல்சக்கரத்தில் ஓடுவது, அதற்கு இந்த வில்லங்கம் இல்லை. அது சரியாக ஓடுகிறதென்றால் கேபிள் அறவில்லை.

தலையைக் கழற்றி, மணிக்கூடு திருத்துகிற கை சுத்தமான ஒருவரிடம் கொடுங்கள். நீங்களே பெற்றோல் விட்டுக் கழுவ வேண்டாம். டயலில் எழுத்துக் கரைந்தால் திரும்ப எழுத ஆள் தேட வேண்டும். ஸ்பிரிங்கில் விரலே படக்கூடாது.

இனிக் கேபிள். மேலே நட்டைக் கழற்றி, உள் வயரை மெதுவாக உருவி எடுங்கள். மண்ணெண்ணெயில் கழுவித் துணியால் துடையுங்கள். பிறகு இரண்டு முனையையும் இரண்டு கையில் பிடித்து, ஊஞ்சல் கயிறு மாதிரித் தொங்கவிட்டு, ஒரு முனையை விரலால் உருட்டுங்கள். நல்ல வயர் அமைதியாகச் சுற்றும். எங்கேயாவது முறிந்து வளைந்திருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் டக்கென்று துள்ளி விழும். முள் துள்ளுவதும் அதுவேதான். அப்படியென்றால் வயரை மாற்றத்தான் வேண்டும், நிமிர்த்தி ஏமாறாதீர்கள்.

துள்ளவில்லை என்றால் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஓரிடம் மட்டும் தேய்ந்து மினுங்கினால், கேபிளின் வெளி உறை அந்த இடத்தில் நெரிபடுகிறது. கேபிளின் வளைவு ஆறங்குல ஆரைக்குக் குறையக்கூடாது. எக்ஸோஸ்ட் பைப்புக்குக் கிட்டவும் போகக்கூடாது, கிறீஸ் காய்ந்துவிடும்.

கிறீஸைப் பற்றித்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். விரலில் கொஞ்சம் எடுத்து வயரில் மெல்லியதாகப் பூசினால் போதும். மேல் முனையிலிருந்து எட்டங்குலம் காய்ந்தபடியே இருக்கட்டும். வயர் சுற்றும்போது கிறீஸை மேலே ஏற்றிக்கொண்டே போகும். எண்ணெய் விடவே கூடாது. நான் திருத்திய தலைகளில் பாதிக்கு மேல் தேய்ந்து கெட்டவை அல்ல, ஒருவர் நல்லெண்ணத்தில் விட்ட எண்ணெயால் கெட்டவை. மனதுக்கு வருத்தமாக இருக்கும்.

உள்ளே தள்ளும்போது திருகித் திருகித் தள்ளுங்கள். கீழே கியர்பொக்ஸின் சதுரத் துளையில் முனை இறங்குவது கையில் தெரியும். இறங்கிய பிறகு மேலே உறைக்கு வெளியில் 10 மில்லிமீற்றர் அளவு நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அதைவிட நீண்டால் தலையைக் குத்தும், குறைந்தால் வழுக்கும். நட்டைக் கையால் இறுக்கினால் காணும், குறடு வேண்டாம்.

வடமராட்சித் தம்பி சொன்ன வயரை நானும் போட்டுப் பார்த்தவன்தான். மெல்லிய வயர் உறைக்குள் சாட்டை மாதிரி அடிக்கும். சதுர முனை சரியாகப் பொருந்தாவிட்டால் அந்தத் துளையையே தின்றுவிடும். கேபிள் மலிவு, கியர்பொக்ஸ் பல்சக்கரம் மலிவில்லை.

வடமராட்சியான்:

உண்மை ஐயா. என்னுடையது மூன்று மாதத்தில் நின்றுவிட்டது. உருவினால் முனை உருண்டையாகிக் கிடக்கிறது.

ஒரு கேள்வி. கீழ் முனை எப்போதும் எண்ணெயில் ஊறியே இருக்கிறதே?

சுன்னாகம் பழைய கராஜ்:

கியர்பொக்ஸில் கேபிள் பூட்டுகிற இடத்து சீல் போய்விட்டது. அந்த ஒயில் வயர் வழியே ஏறி ஒருநாள் தலைக்கு வரும். சீலை மாற்றாமல் கேபிளைத் திருத்திப் பிரயோசனம் இல்லை.

இன்னொன்று. பழைய தலை வாங்கப் போகிறவர்கள் டயலின் அடியில் உள்ள சின்ன எண்ணைப் பாருங்கள். ஒரு மைலுக்குக் கேபிள் எத்தனை சுற்று என்பது அது. உங்கள் பழையதில் இருக்கும் அதே எண்ணாக இருக்க வேண்டும்.

கொக்குவில் மைனர்:

ஐயா, முடித்துவிட்டேன்.

வயரைத் தொங்கவிட்டு உருட்டினேன், துள்ளவில்லை. கீழ் முனையிலிருந்து ஒரு சாண் மேலே, கண்ணாடி மாதிரி மினுங்கிய ஓர் இடம் இருந்தது. காருக்கடியில் படுத்துப் பார்த்தால், அதே இடத்தில் யாரோ உறையைக் கம்பியால் இறுக்கிச் சட்டத்தோடு கட்டியிருக்கிறார்கள். உறை தட்டையாகிவிட்டது. கம்பியை வெட்டி, பழைய உறை ஒன்று தேடி மாற்றினேன். தலையை ஒரு மணிக்கூட்டுக் கடைக்காரர் திறந்தார். கிண்ணத்துக்குள் தேன் மாதிரிக் கியர் ஒயில். துணி சுற்றிய குச்சியால் அரை நாள் இருந்து துடைத்துத் தந்தார்.

நேற்றுக் காலை தம்பியைப் பக்கத்தில் இருத்தி ஏ9 வீதியில் ஓடினேன். முள்ளை முப்பதில் பிடித்து, ஒரு கிலோமீற்றர் கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு நேரம் பார்க்கச் சொன்னேன். கணக்குப்படி 75 விநாடி வர வேண்டும். 77 வந்தது. முள் அசையவே இல்லை.

அம்மாவுக்குச் சொன்னேன். பின் சீற்றுக்கு உறை தைக்கக் கொடுத்தாயா என்று கேட்கிறார்.