மறுமொழி: ‘நோயறி குறிப்பான்’ போதுமா?

> ‘உயிர்க்குறிப்பான்’ வழக்கில் இருக்கிறது. முன்னால் ‘நோயறி’ சேர்த்தால் முடிந்தது. இதற்குத் தனி இழை எதற்கு?

ஐயா, ஒட்டுண்ணித் தொற்றைக் காட்டிக்கொடுக்கும் பொருளுக்கு, அதாவது ‘டயக்னாஸ்டிக் பயோமார்க்கர்’ என்பதற்கு, இங்கே தமிழ்ச்சொல் தேடுகிறோம். எனக்கு இடறுவது ‘நோயறி’ என்ற பாதிதான். சர்க்கரை நோய்க்கு அது பொருந்தலாம். ஒட்டுண்ணிகளிடம் செல்லாது, அங்கே தொற்று வேறு, நோய் வேறு.

கருங்காய்ச்சலை (காலா அசார்) எடுத்துக்கொள்ளுங்கள். பீகாரில் மணல் ஈ கடித்து லீஷ்மேனியா என்ற ஒட்டுண்ணி உடலுக்குள் புகுந்தவர்களில் பெரும்பாலோருக்குக் காய்ச்சலே வருவதில்லை. வந்து குணமானவர்களுக்கோ, இரத்தத்தை வைத்துப் பார்க்கும் ஆர்கே39 பட்டைச் சோதனை ஆண்டுக்கணக்கில் ‘ஆம்’ என்றே சொல்லிக்கொண்டிருக்கக்கூடும். ஒட்டுண்ணிக்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளைத்தான் அது பிடிக்கிறது; ஒட்டுண்ணி போன பிறகும் எதிர்ப்பொருள் இருக்கும். அதனால்தான் இரண்டு வாரத்துக்கு மேல் காய்ச்சலும் மண்ணீரல் வீக்கமும் சேர்ந்திருந்தால் மட்டுமே பட்டையில் தெரியும் கோட்டை மருத்துவர் நம்புகிறார். தனியாக நின்று நோயை அறிவிக்க முடியாத ஒன்றுக்கு ‘நோயறி’ என்று பட்டம் கொடுப்பானேன்?

> கணினிவழித் தேடலில் கிடைக்கும் புரதங்களையும் அதே சொல்லால் குறிக்கலாமே?

கூடாது. குழப்பமே இங்கேதான் தொடங்குகிறது. ஆர்கே39-இன் மூலப் புரதம் 1993-இல் வெளியானது ஆய்வக வேலையால். ஒட்டுண்ணியின் டிஎன்ஏ துண்டுகளிலிருந்து புரதங்களை உண்டாக்கி, நோயாளியின் சீரம் (எதிர்ப்பொருள்கள் உள்ள இரத்தத் தெளிநீர்) எதைப் பற்றுகிறது என்று பார்த்தார்கள். சிக்கியது ஒரு விசித்திரப் புரதம்: 39 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரே துண்டு அதில் அடுத்தடுத்துத் திரும்பத் திரும்ப வருகிறது. ஒரே வடிவம் பல முறை வருவதால் எதிர்ப்பொருள்கள் அதை இறுகப் பற்றுகின்றன. 2005-இல் லீஷ்மேனியாவின் ஓர் இனமான லீஷ்மேனியா மேஜரின் மரபணுத்தொகை, 8,000-க்கும் மேற்பட்ட மரபணுக்களோடு, வெளிவந்தது. அதன் பிறகு வேலையின் வரிசை தலைகீழாயிற்று. திரும்பவரும் துண்டுகளை முதலில் கணினியில் தேடலாம். மனிதப் புரதங்களோடு ஒத்துப்போவதைக் கழிக்கலாம். சாகஸ் நோயை உண்டாக்கும் டிரிப்பனோசோமா குரூசி லீஷ்மேனியாவுக்கு நெருங்கிய உறவு. சோதனை இரண்டையும் குழப்பிக்கொள்ளாதபடி, அதோடு ஒத்துப்போவதையும் கழித்துவிடலாம். மிஞ்சுவது மட்டும் ஆய்வகத்துக்குப் போய்ச் சீரத்தைச் சந்திக்கும். அங்கே தோற்பவை பல.

ஆக, கணினி தருவது ஒரு பட்டியல். அதில் உள்ளதை ஒரு மொழிபெயர்ப்பில் ‘வேட்பாளர் புரதம்’ என்று பார்த்தேன். வைப்புத்தொகை கட்டிவிட்டதா என்று கேட்கத் தோன்றியது. தேர்வாணையம் வெளியிடும் ‘உத்தேச விடை’ எல்லோருக்கும் பழகியது. அதே போல ‘உத்தேசச் சுட்டு’ என்போம். சோதனையில் தேறிய பிறகு ‘உத்தேச’ உதிரட்டும்.

தலைச்சொல்லாக நான் முன்வைப்பது ‘தொற்றுச்சுட்டு’. ‘சுட்டி’ வேண்டாம், இணைய இணைப்புக்கும் கணினி எலிக்கும் உழைத்து அது களைத்திருக்கிறது. ‘சுட்டு’ என்றால் இலக்கணத்திலிருந்தே உட்பிரிவும் கிடைக்கிறது. ஒட்டுண்ணியின் சொந்தப் பொருளைப் பிடிப்பது அண்மைச்சுட்டு. எதிர்ப்பொருளைப் பிடிப்பது, போன தொற்றையும் காட்டுவதால், சேய்மைச்சுட்டு.

-----

மறுமொழி 2 (யாழ்ப்பாணத்திலிருந்து)

> ஒட்டுண்ணியின் சொந்தப் பொருளைப் பிடிப்பது அண்மைச்சுட்டு.

‘எதிர்ப்பொருள்’ எங்கள் பாடநூல்களில் ‘பிறபொருளெதிரி’. அந்தச் சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்ளலாம்.

என் ஆட்சேபம் இந்த வரிக்கு. மலேரியா விரைவுச் சோதனைகள் பல பிடிக்கும் எச்ஆர்பி2, ஃபால்சிபாரம் ஒட்டுண்ணியின் சொந்தப் புரதம்தான். ஆனால் மருந்தால் ஒட்டுண்ணி அழிந்த பிறகும் அது வாரக்கணக்கில் இரத்தத்தில் தங்கிவிடும். ஒட்டுண்ணி உயிரோடு இருக்கும்போது உண்டாகும் எல்டிஎச் நொதியோ விரைவில் மறைந்துவிடும். இரண்டையும் ஒரே அண்மையில் அடைத்தால், சிகிச்சை பலித்ததா என்று பார்க்க வருகிறவர் ஏமாறுவார்.

தமிழில் சுட்டு மூன்று: அ, இ, உ. உகரத்தைத் தமிழகம் கைவிட்டுவிட்டது. நாங்கள் ‘உது’, ‘உவன்’ என்று இன்றும் பேசுகிறோம். எல்டிஎச் ‘இது’, ஆர்கே39 ‘அது’, எச்ஆர்பி2 ‘உது’. அண்மைக்கும் சேய்மைக்கும் நடுவே இடைமைச்சுட்டு என்று ஒன்றைச் சேருங்கள்.

-----

மறுமொழி 3

சேர்த்துவிடலாம். பொருள் எதனால் ஆனது என்பதை விட்டுவிட்டு, தொற்று நீங்கிய பின் எவ்வளவு காலம் தங்குகிறது என்பதை வைத்துப் பிரித்தால் மூன்றும் நிற்கும்.

இன்னும் ஒரு சொல் தேவைப்படுகிறது. பெரு நாட்டில் எச்ஆர்பி2 மரபணுவே இல்லாத ஃபால்சிபாரம் பரவியிருப்பது 2010-இல் வெளியானது, பிறகு எரித்திரியாவிலும். நோயாளிக்கு மலேரியா இருக்கும், பட்டை ‘இல்லை’ என்னும். அந்தப் புரதம் இல்லாமலும் ஒட்டுண்ணி பிழைத்துக்கொள்கிறது. உத்தேசப் பட்டியல் போடும்போதே, எதை இழந்தால் ஒட்டுண்ணியால் வாழ முடியாது என்பதையும் கணினியிடம் கேட்பது நல்லது. இந்த நிலைக்குச் ‘சுட்டிழப்பு’, ‘சுட்டுமறைவு’ என இரண்டு தோன்றுகின்றன. என் வாக்கு முதலாவதற்கு. மறைவு என்றால் புரதம் எங்கோ ஒளிந்திருப்பதாகப் படும்; இங்கே அதை உண்டாக்கும் மரபணுவே இல்லை.