செஸ்னா 172-இல் ஆட்டோபைலட் தள்ளாடுகிறது: பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

கேள்வி

வணக்கம். என்னுடையது 1979-ஆம் வருட செஸ்னா 172 என், மிச்சிகனில் வைத்திருக்கிறேன். முன்பு வைத்திருந்தவர் பொருத்திய இரண்டு அச்சு ஆட்டோபைலட் (இறக்கைச் சாய்வையும் மூக்கின் ஏற்ற இறக்கத்தையும் தானே பிடிப்பது) இருக்கிறது, டர்ன் கோஆர்டினேட்டரை (திருப்பத்தைக் காட்டும் கைரோ கருவி) நம்பி ஓடும் பழைய வகை. ஹெடிங் மோடில் (ஒரே திசையைப் பிடிக்கும் நிலை) போட்டால் இறக்கை இடமும் வலமும் ஆடிக்கொண்டே இருக்கிறது. உயரத்தைப் பிடிக்கச் சொன்னால் மூக்கு ஏறி இறங்கி 100, 150 அடி வரை அலைகிறது. கோடையில் ஓரளவு பரவாயில்லை, நவம்பர் வந்துவிட்டால் தாங்காது. ஒரு கடையில் காட்டினேன். பிட்ச் செர்வோவை (மூக்கை ஏற்றி இறக்கக் கேபிளை இழுக்கும் மோட்டார்) கழற்றி ஓவர்ஹாலுக்கு அனுப்பினார்கள், நல்ல தொகை போனது, திரும்ப மாட்டிய பிறகும் அதே ஆட்டம். இப்போது ஆட்டோபைலட்டின் கம்ப்யூட்டரையும் அனுப்பலாம் என்கிறார்கள். மேகத்துக்குள் தனியாகப் போகும்போது சார்ட்டைப் பார்க்க ஒரு நிமிடம் கையை எடுக்க முடிந்தால் போதும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான். இன்னும் இதற்கே செலவழிப்பதா, இல்லை மொத்தமாகக் கழற்றிவிட்டு கார்மின் கம்பெனியின் புதிய ஆட்டோபைலட்டான ஜி.எஃப்.சி. 500 போட்டுவிடுவதா?

பதில் 1

நான் மெக்கானிக். கம்ப்யூட்டரை இப்போதைக்கு அனுப்பாதீர்கள். குளிரில் மோசமாகிறது என்று போகிற போக்கில் சொன்னீர்களே, எனக்கு அதுதான் பெரிய தடயம். விமானத்தின் உடம்பு அலுமினியம், கன்ட்ரோல் கேபிள் எஃகு. குளிரில் அலுமினியம்தான் அதிகம் சுருங்கும், அதனால் கேபிள் தளர்ந்துபோகும். அதனால்தான் டென்ஷன் அளக்கும்போது அன்றைய வெப்பநிலையையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லி சர்வீஸ் புத்தகத்தில் இருக்கிறது. செர்வோவிலிருந்து வரும் குட்டி பிரைடில் கேபிள், முக்கிய கேபிளில் கிளாம்ப் போட்டு மாட்டியிருக்கும். அதில் தளர்வு இருந்தால் செர்வோ இழுப்பது, வாலில் மூக்கை ஏற்றி இறக்கும் பலகையான எலிவேட்டருக்குப் போய்ச் சேர ஒரு கணம் தாமதமாகும், அதற்குள் செர்வோ இன்னும் கொஞ்சம் இழுத்திருக்கும், அப்புறம் அதைச் சரிக்கட்ட எதிர்ப்பக்கம் இழுக்கும். நீங்கள் பார்க்கும் அலைச்சல் இப்படியும் வரும். வால் பகுதியில் ஒரு கப்பி சுற்றாமல் இறுகிக் கிடந்தாலும் இதேதான்.

நீங்களே ஒன்று பார்க்கலாம். தரையில், இன்ஜின் அணைந்திருக்கும்போது மாஸ்டர் என்ற முக்கிய மின் சுவிட்சைப் போட்டு ஆட்டோபைலட்டை எங்கேஜ் செய்து (இயக்கி), கையால் பிடித்து ஓட்டும் யோக்கை விரலால் மெதுவாக முன்னும் பின்னும் அசையுங்கள். செர்வோ தடுக்கும் முன் யோக் எவ்வளவு தூரம் சும்மா நகர்கிறது என்று பாருங்கள். அது கூடுதலாக இருந்தால் கேபிள் பக்கம் போக வேண்டும். கேபிளில் நீங்கள் கை வைக்கக் கூடாது, உரிமையாளர் செய்துகொள்ளும் பராமரிப்பில் அது சேராது. பேனலில் ட்ரேயிலிருந்து உருவி மாட்டும் ரேடியோவை நீங்களே மாற்றலாம், ஆட்டோபைலட் என்றால் அதற்கும் அனுமதி இல்லை, அமெரிக்கப் பராமரிப்பு விதியான பார்ட் 43-இல் பெயர் சொல்லியே விலக்கியிருக்கிறார்கள்.

இதையெல்லாம் பார்க்காமல் புதியது போட்டால் அதன் செர்வோவும் இறுகிய கப்பி வழியாகத்தான் இழுக்க வேண்டும். கேபிள் சரியில்லாமல் புது ஆட்டோபைலட்டும் ஆடியதை நானே பார்த்திருக்கிறேன்.

பதில் 2

அண்ணன் பிட்ச் பற்றிச் சொல்லிவிட்டார். ரோல் (இறக்கை சாயும்) ஆட்டத்துக்கு நான் முதலில் சந்தேகப்படுவது டர்ன் கோஆர்டினேட்டரை. உங்கள் வகையில் இறக்கை சாய்வதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்வதே அதற்குள் இருக்கும் கைரோதான். பறந்து முடித்து மாஸ்டரை அணைத்ததும் உடனே இறங்கிவிடாமல் காதைக் கிட்டே வைத்துக் கேளுங்கள். நல்ல கைரோ மெல்லிய ஒலியோடு வெகுநேரம் சுற்றி அடங்கும், பேரிங் தேய்ந்தது கரகரவென்று உறுமிச் சீக்கிரம் நின்றுவிடும். எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

பிட்ச்சுக்கு இன்னொன்று. ஆட்டோபைலட் உயரத்தைத் தெரிந்துகொள்வது வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கொண்டுவரும் ஸ்டாட்டிக் குழாயிலிருந்து. நல்ல வெயில் நாளில், ஆட்டோபைலட்டை விடுவித்து, விமானத்துக்குள்ளிருந்து அழுத்தம் எடுக்கும் மாற்று வழியான ஆல்டர்னேட் ஸ்டாட்டிக்கைத் திறந்து, ஆல்டிமீட்டர் (உயரமானி) நிலைத்ததும் மறுபடி எங்கேஜ் செய்து பாருங்கள். ஆட்டம் மாறினால் வெளிக் குழாயில் ஓட்டையோ தண்ணீரோ இருக்கலாம். ஐ.எஃப்.ஆர். (கருவிகளைப் பார்த்து ஓட்டும் முறை) பறப்பதால் 24 மாதத்துக்கு ஒருமுறை ஸ்டாட்டிக் குழாயின் கசிவுச் சோதனை உங்களுக்கு எப்படியும் உண்டு. 1000 அடிக்குச் சமமாக உறிஞ்சி வைத்தால் ஒரு நிமிடத்தில் 100 அடிக்கு மேல் கசியக் கூடாது. போன முறை என்ன அளவு வந்தது என்று கேட்டு வாங்குங்கள்.

பதில் 3

நான் 172-இல் ஜி.எஃப்.சி. 500 போட்டவன், மகிழ்ச்சியாகவே இருக்கிறேன். ஆனால் ஆட்டோபைலட்டை மட்டும் வாங்கி மாட்ட முடியாது, சாய்வை அறிய அதற்கு ஜி5 போன்ற மின்னணுக் கருவி வேண்டும். பழைய செர்வோ, பிராக்கெட், செத்த வயர் எல்லாவற்றையும் கழற்றியே தீர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள், சில இடங்களில் வயரை வெட்டி உள்ளேயே விட்டுவிடுகிறார்கள். பெரிய மாற்றத்தைப் பதியும் 337 படிவம், புதிய எடைக் கணக்கு, ஃப்ளைட் மேனுவல் இணைப்பு, மூன்றும் கையில் வந்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள். டிரிம் (யோக்கில் வரும் அழுத்தத்தைச் சரிக்கட்டுவது) செர்வோ கூடுதல் விருப்பம்தான், ஆனால் போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் டிரிம் செய் என்று அது சொல்லும்போதெல்லாம் நீங்கள்தான் சக்கரத்தைத் திருப்ப வேண்டும். லெவல் பொத்தான் ஒன்று இருக்கிறது, தலை சுற்றிக் குழம்பினால் அமுக்கினால் போதும், இறக்கையை நேராக்கி ஏற்ற இறக்கத்தையும் நிறுத்திவிடும். எனக்கு அந்த ஒரு பொத்தானுக்காகவே செலவு தகும்.

கேள்வி கேட்டவர்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். வேறு ஒரு மெக்கானிக் வால் பகுதியைத் திறந்தார். எலிவேட்டர் கப்பி ஒன்று பழைய கிரீஸில் இறுகிச் சுற்றவே இல்லை, கேபிள் அதன் மேல் உரசி உரசி ஒரு பக்கம் பள்ளமாகியிருந்தது. அதைப் பார்த்ததும் ஆட்டோபைலட்டை மறந்துவிட்டேன், கையால் ஓட்டினாலும் இதே கேபிள்தானே. கப்பியையும் கேபிளையும் மாற்றி, பிரைடில் கேபிளையும் இறுக்கிய பிறகு உயரம் 20 அடிக்குள் நிற்கிறது. செர்வோவில் கோளாறு ஒன்றுமே இல்லை.

ரோல் இன்னும் ஆடுகிறது, கைரோ உறுமுகிறது, பதில் 2 சொன்ன அதே கரகரப்பு. அதை மட்டும் சரிசெய்யலாம்தான், ஆனால் வாக்குவம் பம்ப்பை நம்பி ஓடும் செயற்கை அடிவானத்தையும் எப்படியும் மாற்ற நினைத்திருந்தேன், அதனால் இரண்டு ஜி5-உம் ஜி.எஃப்.சி. 500-உம் டிரிம் செர்வோவும் சேர்த்து ஏப்ரலுக்கு இடம் பிடித்திருக்கிறேன். அதுவரை ஆட்டோபைலட்டின் மின் பிரேக்கரை இழுத்து, திரும்ப அமுக்க முடியாதபடி காலர் மாட்டி, பேனலில் 'வேலை செய்யாது' என்ற சீட்டு ஒட்டி, விமானத்தின் லாக் புத்தகத்தில் எழுதியாகிவிட்டது. மேகம் இருக்கும் நாளில் தனியாகப் போவதில்லை.