ஆண் குழந்தைக்குச் சங்கப் பெயர்: நன்னன், எழினி, அஞ்சி, எதை வைக்கலாம்?

பென்னாகரத்தான்:
அனைவருக்கும் வணக்கம். சென்ற மாதம் எங்களுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறான். கார்த்திகை நட்சத்திரம் என்பதால் அ, இ, உ, எ வரிசையில் பெயர் தொடங்க வேண்டும் என்று காவேரிப்பட்டணத்தில் இருக்கும் மாமனார் வீட்டில் சொல்கிறார்கள். குலதெய்வமான முனியப்பன் பெயர் எப்படியாவது இடம்பெற வேண்டும் என்பது என் தாயாரின் விருப்பம். எனக்கும் மனைவிக்கும் சங்கப் பாடல்களில் உள்ள, அதே வகுப்பில் இன்னொரு பையனுக்கு இராத பெயராக வைக்க ஆசை. அதியமான் என்பதைத்தான் முதலில் நினைத்தோம். எங்கள் தருமபுரி மாவட்டத்தில் அப்பெயரை நாள்தோறும் கேட்பதால் விட்டுவிட்டோம். இப்போது நன்னன், எழினி, அஞ்சி ஆகிய மூன்றும் கையில் உள்ளன. நன்னன் எழுத்துக்கு ஒத்துவராது என்றாலும் அதன் ஓசை பிடித்திருக்கிறது. விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

காரிமங்கலத்துத் தமிழாசிரியை:
வாழ்த்துகள் தம்பி. எழினி என்பதே என் தேர்வு. தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை, ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் மகன் பொகுட்டெழினி. அவனை ஔவையார் பாடிய பாடல்களும் புறநானூற்றில் உள்ளன. அவற்றுள் 102ஆம் பாடல் எனக்கு மிகவும் பிடித்தது. உப்பு வண்டி ஓட்டும் உமணர், மேட்டிலும் பள்ளத்திலும் வண்டிக்கு என்ன நேருமோ என்று எண்ணி, அச்சுமரத்தின் கீழே சேம அச்சு ஒன்றை, அதாவது அச்சு முறிந்தால் உதவும் மாற்று அச்சை, கட்டிக்கொண்டு புறப்படுவார்கள். அந்தச் சேம அச்சைப் போன்றவன் நீ என்று இளவரசனைப் பார்த்துப் பாடுகிறார். பிள்ளையைப் பற்றி இதைவிடப் பெரிதாக எதைச் சொல்லிவிட முடியும்? 100ஆம் பாடலையும் படித்துப் பாருங்கள். கையில் வேல், காலில் கழல், உடம்பில் வியர்வை, கழுத்தில் ஆறாத பச்சைப் புண் ஆகியவற்றோடு போர்க்கோலம் கலையாமல் வந்து, பிறந்த மகனைக் காணும் அஞ்சியை அதில் நேரில் பார்க்கலாம். பகைவரை நோக்கிச் சிவந்த கண், மகனைப் பார்த்தும் சிவப்பு மாறவில்லை என்று ஔவையார் முடிக்கிறார்.

அஞ்சி என்ற பெயர் மட்டும் வேண்டாம். வீரன் பெயர்தான், மறுக்கவில்லை. ஆனால் 'அஞ்சி அஞ்சி வருகிறான்' என்று பள்ளிப் பிள்ளைகள் முதல் நாளே தொடங்கிவிடுவார்கள்.

ஓசூர் வாசகி:
ஆசிரியை அம்மா சொல்வது சரியே. இருந்தாலும் எங்கள் ஊர்ப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசுவோர் பலர். அவர்கள் வாயில் ழகரம் படும் பாட்டை நான் அறிவேன். என் மகன் பெயரிலும் ழகரம் உண்டு; ஆதாரில் ஒரு விதமாகவும் பள்ளிச் சான்றிதழில் வேறு விதமாகவும் ஆங்கில எழுத்து விழுந்து, திருத்துவதற்கு அலைந்தோம். போதாக்குறைக்கு, எழினி என்று இப்போது பெண் குழந்தைகளுக்கும் வைக்கிறார்கள். ஆதன் என்று யோசித்தீர்களா? கீழடிப் பானை ஓடுகளில் கீறியிருக்கும் பெயர்; கபிலர் பாடிய சேரமான் செல்வக்கடுங்கோ வாழியாதனுக்கும் உரியது. வீட்டுப் பானையிலும் அரசன் பெயரிலும் ஒருசேர இருந்த பெயர் என்பதே எனக்கு அழகாகப் படுகிறது. அகரவரிசை என்பதால் மாமனார் வீட்டிலும் மறுப்பு எழாது என்று நம்புகிறேன்.

ஊத்தங்கரைக்காரர்:
நன்னன் பெயரை வைப்பதற்கு முன் ஒரு செய்தியைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆற்றில் மிதந்து வந்த காயைத் தின்ற குற்றத்திற்காக ஒரு பெண்ணைக் கொன்றவன், அவளுக்கு ஈடாக எண்பத்தொரு யானைகளும் அவள் எடைக்குப் பொற்பாவையும் தர முன்வந்தும் ஏற்காதவன் என்று குறுந்தொகை 292 ஒரு நன்னனைப் பழிக்கிறது. மலைபடுகடாம் போற்றும் நன்னன் வேறு. அவன் எங்களுக்குப் பக்கத்துச் செங்கத்தை, அக்காலச் செங்கண்மாவை, ஆண்டவன். கூத்தரை அவனிடம் வழிகாட்டி அனுப்பும் அந்தப் பாட்டு 583 அடிகள் நீள்கிறது. ஆகவே பெயரில் குறையில்லை. ஆனால் பாட்டுப் படித்த எவரேனும் 'பெண்கொலை புரிந்த நன்னனா?' என்று கேட்டால், அவனல்லன் இவன் என்று உங்கள் மகன் ஆயுள் முழுவதும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டும்.

பென்னாகரத்தான்:
அனைவருக்கும் மிக்க நன்றி. நன்னனையும் அஞ்சியையும் விட்டுவிட்டோம். சேம அச்சுப் பாடலை வாசித்துக் காட்டியதிலிருந்து என் மனைவி எழினியை விடுவதாக இல்லை. எனக்கு ஆதன் பக்கமே மனம் சாய்கிறது. பிறப்பைப் பெயரில்லாமல் பதிந்திருக்கிறோம். எவ்வளவு நாள் பொறுக்கலாம்?

ஊத்தங்கரைக்காரர்:
பதிவு செய்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதன்பின் தாமதக் கட்டணம் செலுத்திப் பதினைந்து ஆண்டுவரை சேர்க்க வழியுண்டு என்றாலும், அவ்வளவு தூரம் இழுக்க வேண்டாம். ஆங்கில எழுத்துக்கூட்டலை இப்போதே ஒரு தாளில் எழுதி முடிவுசெய்து, எல்லாச் சான்றுகளிலும் அதையே கொடுங்கள். தாயார் வீட்டில் முனியப்பா என்றே கூப்பிடட்டும். அதற்குச் சான்றிதழ் தேவையில்லை.