குழுப் பாணர் போட்டியில் ஒருவர் பாட, மற்றவர்கள் சும்மா நிற்பதைத் தவிர்ப்பது எப்படி?

கேள்வி:

அனைவருக்கும் வணக்கம். சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரனிசம் அமைப்பின் கிளை ஒன்றில் நான் ஏழு ஆண்டுகளாக உறுப்பினர். 1966-இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஒரு வீட்டுக் கொல்லைப்புறத்தில் தொடங்கிய அமைப்பு இது. 17ஆம் நூற்றாண்டுக்கு முந்தைய வாழ்க்கையை உடை, உணவு, வாட்போர், பாட்டு என்று பல வழிகளில் நாங்கள் மீண்டும் செய்து பார்க்கிறோம். வரும் செப்டம்பரில் நடக்கும் எங்கள் மூன்று நாள் கூடாரச் சந்திப்பில், குழுப் பாணர் போட்டியை நடத்தும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. பாடுபவர், செய்யுள் சொல்பவர், கதை சொல்பவர், கருவி இசைப்பவர் அனைவரையும் சேர்த்தே பாணர் என்கிறேன்.

சென்ற ஆண்டு நான் பார்வையாளர் வரிசையில் இருந்தேன். நால்வர் கொண்ட ஒரு குழுவில், நல்ல குரல்வளம் உடைய ஒருவர் ஏறத்தாழ ஒன்பது நிமிடம் தனியாகவே ஒரு கதைப்பாடலைப் பாடினார். இருவர் ஈற்றடி வரும்போது மட்டும் மெல்லச் சேர்ந்துகொண்டார்கள். நான்காமவர் விளக்கைப் பிடித்தபடி கடைசிவரை நின்றார். அந்தக் குழுவே வென்றது. பாடியவர் அதற்குத் தகுதியானவர்தான்; ஆனால் மாதக்கணக்கில் சேர்ந்து பயிற்சி செய்து வந்த மற்றக் குழுக்களின் முகம் வாடியதைப் பார்த்தபோது, போட்டியின் பெயரில் உள்ள ‘குழு’ என்ற சொல்லுக்கு நாம் நியாயம் செய்யவில்லை என்று எனக்குத் தோன்றியது.

இந்த ஆண்டு 6 குழுக்கள் வருகின்றன. ஒவ்வொன்றிலும் மூன்று முதல் ஐந்து பேர். சனிக்கிழமை இரவு விருந்துக்குப் பின் இரண்டு மணி நேரமும் 3 நடுவர்களும் கிடைப்பார்கள். மதிப்பெண்ணை எப்படிப் பிரிப்பது, நேரத்தை எப்படி வகுப்பது, பாடல் அக்காலத்தியது என்பதற்கான சான்றுத்தாளுக்கு மதிப்பெண் தரலாமா என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி 1:

இப்படிப்பட்ட போட்டிகளை நான்கு முறை நடத்தியவன் என்ற முறையில் எழுதுகிறேன். நேரக் கணக்கை முதலில் முடித்துவிடுங்கள். இரண்டு சுற்று, ஒரு குழுவுக்குச் சுற்றுக்கு 6 நிமிடம் என்றால் 72 நிமிடம் ஆகும். மேடை மாற 2 நிமிடம் வீதம் 12 முறைக்கு 24 நிமிடம். மொத்தம் 96 நிமிடம். மீதியுள்ள 24 நிமிடம் நடுவர்கள் கலந்து பேசவும், எதிர்பாராத தாமதத்துக்கும் சரியாக இருக்கும். மூன்றாவது சுற்றுக்கு ஆசைப்படாதீர்கள். இரவு பத்து மணிக்குமேல் குளிரில் உட்கார்ந்து கேட்பவர்களின் பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு.

‘குழுவாகச் செய்ய வேண்டும்’ என்று விதியில் எழுதுவதால் மட்டும் எதுவும் நடக்காது. தனியாக ஒருவரால் செய்யவே முடியாத வடிவத்தைச் சுற்றாக வையுங்கள். 13ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் பாடலான ‘சுமர் இஸ் இக்குமென் இன்’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: ஒருவர் தொடங்கிய மெட்டையே அடுத்தடுத்தவர் சற்றுத் தள்ளித் தொடங்கி, நான்கு குரல்கள் ஒன்றையொன்று துரத்த, கீழே இரு குரல்கள் அடிநாதமாக ஒரே சிறு தொடரைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருக்கும். மூவர் குழுவாக இருந்தாலும் துரத்தும் குரல்களை மட்டும் வைத்துப் பாடிவிடலாம். ஒருவர் தடுமாறினாலும் அது எல்லோருக்கும் கேட்கும் என்பதால், அந்தக் குழு சேர்ந்து பயின்றதா இல்லையா என்பது பாட்டிலேயே தெரிந்துவிடும்.

இரண்டாம் சுற்றுக்குத் தெற்கு பிரான்சின் த்ரூபதூர் கவிஞர்களுடைய பார்த்திமென் முறையைப் பரிந்துரைக்கிறேன். ஒருவர் இரண்டு பக்கமும் வாதிடக்கூடிய ஒரு கேள்வியை வைப்பார். எதிராளி தனக்குப் பிடித்த பக்கத்தை எடுத்துக்கொள்வார். கேட்டவர் மிஞ்சிய பக்கத்துக்காக அதே யாப்பில் வாதிட வேண்டும். இதைக் குழுவுக்குள்ளேயே இரண்டு அணியாகப் பிரித்து நடத்தலாம். கேள்வியை நண்பகலில் அறிவித்தால் ஆறு மணி நேர உழைப்பு கிடைக்கும், அதற்குமேல் வேண்டாம்.

இடத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நெருப்புக்குக் காற்று வரும் பக்கத்தில் பாடுபவரை நிறுத்துங்கள். புகை தொண்டையில் இறங்கினால் இரண்டாம் அடியிலேயே குரல் உடைந்துவிடும். விளக்குகளை முன்னால் இரண்டு கம்பங்களில் மாட்டுங்கள். முதுகுப்புறம் வெளிச்சம் இருந்தால் முகம் இருண்டு, கதை சொல்பவரின் பாதித் திறமை வீணாகும். குடல் நரம்பு கட்டிய ஹார்ப் பனியில் சுருதி கலையும் என்பதால், அந்தக் குழுவுக்கு மட்டும் சுருதி சேர்க்கக் கூடுதல் நேரம் கொடுத்துவிடுங்கள்.

மறுமொழி 2:

நடுவர்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 16ஆம் நூற்றாண்டு ஜெர்மனியின் நியூரெம்பெர்க்கில், ஹான்ஸ் சாக்ஸ் போன்றவர்கள் இருந்த மைஸ்டர்சிங்கர் என்ற கைவினைஞர்-பாடகர் சங்கத்தில், மெர்க்கர் எனப்படும் குறிப்பாளர்கள் திரைக்குள் அமர்ந்து பிழைகளைக் குறித்தார்கள். நமக்கு அதில் பயன்படுவது அவர்களுடைய வேலைப் பங்கீடு. ஒருவர் விவிலியத்தை விரித்து வைத்துப் பொருள் சரியா என்று பார்ப்பார், இன்னொருவர் அசைக் கணக்கையும், வேறொருவர் இயைபையும், மற்றொருவர் மெட்டையும் கவனிப்பார். உங்கள் மூவரிடமும் அதே தாளைக் கொடுத்து எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போடச் சொன்னால், மூவருமே உரத்த குரலுக்குத்தான் போடுவார்கள். சென்ற ஆண்டு நடந்ததும் அதுவாகத்தான் இருக்க வேண்டும். ஒருவர் குழு ஒற்றுமையை மட்டும் பார்க்கட்டும்: யார் எப்போது தொடங்குகிறார், யார் யாரைப் பார்க்கிறார், ஒவ்வொருவருக்கும் தனித்த பங்கு இருந்ததா என்று. இன்னொருவர் சொல்லையும் குரலையும் பார்க்கட்டும், மூன்றாமவர் காலப் பொருத்தத்தை.

வேல்ஸ் நாட்டின் கார்டிகனில் 1176-இல் ரீஸ் பிரபு நடத்திய விழாவில் கவிதைக்கு ஒரு நாற்காலி, இசைக்கு ஒரு நாற்காலி என இரண்டு பரிசுகள் இருந்தன. ஓராண்டு முன்பே அதை அறிவித்தும் இருந்தார்கள். உங்களுக்கு அவ்வளவு அவகாசம் இல்லை என்றாலும், மதிப்பெண் தாளை இப்போதே எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பிவிடுங்கள். போட்டி நாளில்தான் தாளைப் பார்த்தோம் என்ற மனக்குறை எந்த முடிவையும் கெடுத்துவிடும்.

மறுமொழி 3:

முன்னவர்கள் சொன்னவற்றோடு ஓரிடத்தில் மாறுபடுகிறேன். சுழற்சிப் பாட்டையும் யாப்பு வாதத்தையும் கட்டாயமாக்கினால் புதியவர்கள் விலகிவிடுவார்கள். முதல் சுற்றில் எந்த வடிவமும் ஆகலாம், ஆனால் ஒவ்வொருவரும் தனியாகக் கேட்கும்படி ஏதேனும் ஒன்றைச் சொல்லவோ பாடவோ இசைக்கவோ வேண்டும் என்ற ஒரே நிபந்தனை போதும். சான்றுத்தாளுக்குப் பத்தில் ஒரு பங்குக்குமேல் தராதீர்கள். நூலகத்துக்குப் பக்கத்தில் இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் இடையிலான போட்டியாக அது மாறிவிடக் கூடாது.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. முதல் சுற்றை மூன்றாமவர் சொன்னபடி திறந்து வைத்து, ஒவ்வொருவர் குரலோ கருவியோ தனித்துக் கேட்க வேண்டும் என்பதை மட்டும் விதியாக்குகிறேன். இரண்டாம் சுற்று பார்த்திமென். யாப்பில் கட்ட முடியாதவர்கள் உரைநடையில் வாதிடலாம். நடுவர்கள் மூவரும் ஆளுக்கொரு பொருளைப் பிரித்துக்கொள்ள ஒப்புக்கொண்டார்கள். தச்சு வேலை தெரிந்த உறுப்பினர் ஒருவர் இரண்டு விளக்குக் கம்பங்கள் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். சென்ற ஆண்டு விளக்கைப் பிடித்து நின்றவரை நேற்று அழைத்து விதியைச் சொன்னேன். தனக்குப் புல்லாங்குழல் வாசிக்கத் தெரியும் என்றும், சென்ற ஆண்டு யாரும் கேட்கவில்லை என்றும் அவர் சொன்னார். மதிப்பெண் தாள் இந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாக் குழுக்களுக்கும் போய்விடும்.